கூசாத கை

லியெபாயாவில் ஒரே ஒரு டிராம் தடம்.
பத்தொன்பது வருடம் அதில் ஓட்டினேன்.
தண்டவாளம் திரும்பும் இடத்தில் திரும்பிவிட்டு
நான்தான் திருப்பினேன் என்று நம்பியவள்.
ஏவல்ட்ஸைப் பற்றிப் பேச
அந்த அளவு தகுதி எனக்கு உண்டு.

எங்கள் கட்டிடத்தில் நாற்பத்தெட்டு வீடு.
கூரை ஒழுகியது.
வீட்டுக்கு மாதம் பதினைந்து யூரோ
அவரிடம் கொடுத்துவைத்தோம்.
கை சுத்தம் என்றால் ஏவல்ட்ஸ்தான்.
எட்டு சென்ட் மீதி தர ஒருநாள்
ஐந்து மாடி ஏறி வந்து
என் கதவைத் தட்டியவர்.

பிறகு அந்தக் கை நடுங்கத் தொடங்கியது.
கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்
இல்லாத ஒரு மாத்திரையை
ஓயாமல் உருட்டின.
பிறகு உண்மையான மாத்திரை வந்தது.
மூளைத்தண்டில் கொஞ்சம் கருமை இருக்கிறதாம்,
எல்லோருக்கும்.
அவருக்கு அது வெளுத்துக்கொண்டிருந்ததாம்.
மாத்திரைக்குப் பின் நடுக்கம் அடங்கியது,
ரசீதில் எழுத்து அச்சுப்போல் நின்றது.
நாங்கள் கை தட்டாத குறை.

அந்தக் குளிர்காலத்தில்தான்
பேருந்து நிலையத்தை ஒட்டிய சூதாட்டக் கூடத்தில்
எங்கள் கூரை
பொத்தான் பொத்தானாகப் போனது.
பதினாறு மாதச் சேமிப்பு,
பதினோராயிரத்து ஐந்நூற்று இருபது யூரோ.
கை நீண்டுவிட்டது என்றார்கள்.
நீளவில்லை.
கூசவில்லை, அவ்வளவுதான்.

மாடிப்படியில் கூட்டம் போட்டோம்.
இரண்டாம் மாடி ஸ்கைத்ரீதே "திருடன்" என்றாள்,
குளிரில் அந்தச் சொல்லுக்கும் ஆவி வந்தது.
மகள் மாதரா டாக்டரின் கடிதத்தை வாசித்தாள்:
இந்த மருந்தால் சிலருக்கு இப்படி ஆவதுண்டு.
அளவைக் குறைத்தாயிற்று.
வாளியில் சொட்டு விழும் சத்தம்.
முப்பத்தொன்றாம் எண் வீட்டுப் பையன் கேட்டான்:
"பாஸ்புக்கை ஷூ பெட்டிக்குள் ஒளித்ததும்
மாத்திரைதானா?"

அந்தக் கேள்வி
இன்னும் என் வீட்டில்தான் படுத்துத் தூங்குகிறது.
ஒளிக்கத் தெரிந்தால் வெட்கம் இருந்திருக்கும்.
வெட்கம் இருந்தால் உள்ளே ஆள் இருந்திருப்பார்.
அந்த ஆள் அத்தனை நாளும்
தன் வண்டியிலேயே ஜன்னலோரம் உட்கார்ந்து
வெளியே பார்த்துக்கொண்டு வந்தாரா?
மணியடிக்கக் கயிறு எட்டவில்லையா?

போலீசுக்குப் போகலாம் என்று கை தூக்கியவர்கள் ஏழு பேர்.
என் கையும் அதில்.
உறுதியாக, நடுங்காமல்.

யாருக்கும் சொல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன்.
ஓடிவருகிறவர் முகத்துக்கு நேரே
கதவை மூடுகிறவளாக நான் இருந்தேன்.
கண்ணாடியில் அவர்கள் சுருங்கிப்போவதைப் பார்ப்பதில்
எனக்கு ஒரு சின்னத் தித்திப்பு.
பிறகு கழுத்துச் சுரப்பி கெட்டிருப்பது தெரிந்து
மாத்திரை கொடுத்தார்கள், வெள்ளை, சின்னது.
மூன்றாவது மாதம்
தள்ளுவண்டியோடு வந்த ஒரு பெண்ணுக்காக
முழுதாக ஒரு நிமிடம் நின்றேன்.
அவள் நன்றி சொன்னாள்.
யாருக்குச் சொன்னாள்?
நல்லவளாகிவிட்டேன் என்று அழுதேன் அன்று.
பெட்டியைத் திருப்பி
அதன் முதுகில் இருந்த பொடி எழுத்தை வாசித்ததும்
அழுகை நின்றுவிட்டது.

ஓட்டு தோற்றது. தவணை என்று முடிவாயிற்று.
இப்போது வெள்ளிக்கிழமைதோறும்
கணக்கு நோட்டு என் பொறுப்பில், வருகிறவர் அவர்.
கை மறுபடி நடுங்குகிறது, முன்னைவிட மோசமாக.
நாற்பது யூரோ, பாதி சில்லறையில்.
ஒரு நாணயம் உருண்டு ஷூ அலமாரிக்கடியில் போனது.
குனியப் போனேன்.
"வேண்டாம். என் கைதான்.
நானே எண்ணுகிறேன்."

எண்ணினார். தவறினார்.
முதலிலிருந்து மறுபடி.
வாளி நிரம்பப் பார்த்தது.
அடுப்பில் உருளைக்கிழங்கு தீய்கிற வாசனை.
இருபது நிமிடம் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றேன்.
அன்று காலை என் மாத்திரையை விழுங்கினேனா
என்று எவ்வளவு யோசித்தும்
நினைவு வரவில்லை.